வைட்டமின் ஈ மாத்திரை போட்டால் கொலஸ்ட்ரால் குறையுமா?

கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும்) மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசுதான் கரையும், கொழுப்பு கரையாது.

எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவருக்குள் ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது, அங்குள்ள செல்கள் அதை அள்ளி விழுங்கி அடைப்புக்கு வித்திடுகின்றன. அதைத் தடுத்தால் போதுமே என்று பலரும் நம்பினார்கள். சோதனைக்குழாயில் வைட்டமின் ஈ தடுக்கவும் செய்தது. ஆனால் பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் ஈ 600 மி.கி., வைட்டமின் சி 250 மி.கி., பீட்டா கரோட்டின் 20 மி.கி. என ஐந்தாண்டு கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. எல்டிஎல்லும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பும் லேசாக ஏறின என்பதுதான் வேடிக்கை! அதே ஆய்வில் சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் வகை கொலஸ்ட்ரால் மருந்தை எடுத்தவர்களுக்கு எல்டிஎல் நன்றாகவே இறங்கியது.

சரி, காய் பழம்? தாராளமாகச் சாப்பிடுங்கள். கொய்யா, பயறு, ஓட்ஸில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். அதை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ட்ரைகிளிசரைடு அதிகமென்றால் முதலில் சர்க்கரையையும் மதுவையும் குறையுங்கள். மருத்துவர் எழுதிய ஸ்டாடினை நிறுத்திவிட்டு மட்டும் இதற்கு மாறிவிடாதீர்கள்.