சும்மா ஒரு சுற்று – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 37. நாலு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். தொப்பையைக் குறைக்கத்தான் ஆரம்பித்தேன். 200, 300 கிலோமீட்டர் ப்ரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம்) ரைடுகள் முடித்தபிறகு ரேஸ் ஆசை பிடித்துக்கொண்டது. போன வருடம் ஒரு டைம் ட்ரயலில், அதாவது ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடும் ரேஸில், வயதில் மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் பிரிவில் ஐந்தாவதாக வந்தேன். மூன்றாவது வந்தவருக்கும் எனக்கும் ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை.

வாரம் 12 மணி நேரம் பயிற்சி செய்தால் மேடை ஏறிவிடலாம் என்று எங்கள் குரூப்பில் சொல்கிறார்கள். வார நாட்களில் காலை நாலரைக்கு ஹாலில் ட்ரெயினர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) போட்டு, விட்டுவிட்டு வேகமாக மிதிக்கும் இன்டர்வெல் பயிற்சி. ஞாயிறு காலை ஐந்துக்குக் கிளம்பி மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி ஏறி இறங்கி வீடு சேர மதியம் ஒன்றாகிவிடும். சாப்பிட்டதும் கண் சொருகிவிடும். ஐந்து வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன். மனைவியும் வேலைக்குப் போகிறாள்.

சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சுதான் குறைந்துவிட்டது. அவளுக்கு இந்த விளையாட்டு புரியவில்லை. இத்தனைக்கும் பள்ளியில் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் போய்வந்தவள்தான். பிளஸ் டூ முடித்ததும் அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாளாம். அவளுக்கு சைக்கிளில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டையும் சமாளிக்க வழி இருக்கிறதா? இல்லை, பேசாமல் சைக்கிளை விற்றுவிடலாமா? வேகம் கூட்டும் கார்பன் வீல் வாங்கக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதையும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கார்பன் வீல் வேண்டாம். அந்த ஒரு நிமிடத்தில் பாதியை மிச்சமிருக்கும் தொப்பையிலேயே தேடலாம். சைக்கிளை விற்கவும் வேண்டாம். குடும்பத்துக்காக எதையாவது விட்டுக்கொடுத்த ஆண்களைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். விடுவது ஒரே நாளில் முடிந்துவிடும், சொல்லிக்காட்டுவது ஆயுசுக்கும் நடக்கும். அந்தப் பழியையும் உங்கள் மனைவி தலையில் கட்டாதீர்கள்.

அப்புறம் அந்த 12 மணி நேரம். அதைச் சொன்னவர் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டீர்களா? என் தம்பிக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. எஃப்டிபி, வாட்ஸ், ரெக்கவரி ரைடு என்று பயிற்சிக் கணக்கெல்லாம் எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படும். ஸ்டீபன் சைலர் என்ற பெயர் அவன் மூலம்தான் எனக்குத் தெரியும். நார்வேயில் வேலை பார்க்கும் உடலியல் ஆய்வாளர். படகு, பனிச்சறுக்கு, சைக்கிள் என்று உச்சத்தில் இருக்கும் வீரர்கள் நிஜத்தில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தவர். அவர்களுடைய பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம்தானாம். மிச்சம்தான் உயிரை வாங்குவது. நீங்கள் வாரம் முழுக்க உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் ஹாலில். அந்தச் சத்தத்தில் பையன் எழுந்துவிடுவானே, அவனை மறுபடி தட்டித் தூங்கவைப்பது யார்? இரண்டு நாள் கடுமை போதும். மெதுவாக ஓட்டுவதற்கு ஆபீஸ் போகிற வழி இருக்கிறது. சரி, இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது அந்த அரசு சைக்கிளுக்காக.

“ஈடுபாடு இருந்ததில்லை என்று நினைக்கிறேன்.” எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டீர்கள்! 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம் அது. சில வருடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது. பஸ் வராத ஊர்களில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் அதை மிதித்துத்தான் பிளஸ் டூவைத் தாண்டினார்கள். ஆனால் அது பள்ளிக்கூடம் போவதற்கான சைக்கிள். உங்கள் மனைவி போனார், வந்தார். பள்ளிக்கூடம் முடிந்தது, சைக்கிள் தம்பிக்குப் போனது. அவராகக் கொடுத்தாரா, வாங்கிக் கொடுத்துவிட்டார்களா? அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கூடம் இல்லாத வேறு எந்தப் பக்கமாவது ஹேண்டில்பாரைத் திருப்பியிருக்கிறாரா? திருப்ப விட்டார்களா? நாலு வருடமாக அதே வீட்டில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இதைக் கேட்கத் தோன்றவில்லையா?

என் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதில் பிடிவாதமாக இருந்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்குக்கூட ஏற்பாடு செய்தார். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் கூலிக்குப் போனவர்கள், கிராம நர்ஸுகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எங்கள் சித்தியும் கற்றுக்கொண்டாள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, அதனால் பலரும் ஆண்கள் ஓட்டும் சைக்கிளில்தான் ஏறினார்கள். பிறகு லேடீஸ் சைக்கிள் கிடைத்தபோதும் சிலர் அதை வேண்டாம் என்றார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் பார் இருந்தால் குழந்தையை உட்காரவைக்கலாமே! சித்தி அந்த பாரில் ஒரு பழைய டர்க்கி டவலைச் சுற்றி, கயிற்றால் கட்டியிருப்பாள். அதன்மேல் கைப்பிள்ளை. பின் கேரியரில் குடம். சேலையின் வலது ஓரம் எப்போதும் செயின் கிரீஸில் கறுத்துக் கிடக்கும், துவைத்தாலும் போகாது. தண்ணீர் கொண்டுவந்தாள், ரேஷன் வாங்கினாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வேலை மிச்சம்.

ஒரு சாயங்காலம் குடமும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் கண்மாய்க்கரையோடு ஒரு சுற்று போய்விட்டு வந்தாள். திண்ணையில் பாட்டி.

“எங்கடி போயிட்டு வர்றே?”

“எங்கேயும் இல்ல. சும்மா.”

அன்றைக்கு வீட்டில் நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். சித்தப்பா சாப்பிடாமல் எழுந்துபோனார். பாட்டி தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். தண்ணீருக்குப் போகலாம், ரேஷனுக்குப் போகலாம். சும்மா போகக் கூடாது. சும்மா போனவள் நாளைக்கு எங்கே போவாளோ! சித்தி அதற்குப் பிறகும் போனாள் என்பது வேறு கதை. அவள் சுபாவம் அப்படி. எல்லாருக்கும் அந்த நெஞ்சழுத்தம் வாய்க்காது.

தம்பி, கோத்தகிரியில் உங்களுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் மூச்சு வாங்க ஏறுகிறீர்கள், டீ குடிக்கிறீர்கள், இறங்கி வந்துவிடுகிறீர்கள். கேலி செய்யவில்லை. அப்படி ஒரு வேலையுமில்லாமல் போவதில்தான் அதன் ருசி இருக்கிறது. அந்த ருசி ஒரு மனிதரை எத்தனை நல்லவராக ஆக்கும் என்று என் தம்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ரைடு போய்வந்த நாளில் அவன் யாரிடமும் எரிந்து விழமாட்டான். ஆனால் உங்கள் வீட்டில் அது ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு காலை, எட்டு மணி நேரம், யாரும் உங்களை எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. இன்னொருவருக்கு அரை மணி நேரம் உண்டா? அவருக்கு விளையாட்டு புரியவில்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ நன்றாகப் புரிந்துதான் பேச்சைக் குறைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

சமாளிக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். சமாளித்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவர்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதமும் வந்தது.

பெரில் பர்ட்டன். சைக்கிள் வீராங்கனை, இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்க்காரர். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். உடம்பை வருத்தக் கூடாது என்று டாக்டர்கள் எச்சரித்திருந்தார்கள். 1955இல் சார்லி என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். சைக்கிளை அறிமுகம் செய்தவரே அவர்தான். அடுத்த வருடம் மகள் டெனிஸ் பிறந்தாள். ருபார்ப் என்ற காய்கறித் தோட்டத்தில் மண்வேலை செய்துகொண்டே, கடைசிவரை அமெச்சூராகவே, ஏழு முறை உலக சாம்பியன் ஆனார். 1967இல் ஒரு 12 மணி நேரப் போட்டியில் 277.25 மைல் ஓட்டினார், கிட்டத்தட்ட 446 கிலோமீட்டர். அதே நாளில் ஆண்கள் சாதனையை முறியடித்த மைக் மெக்நமாரா ஓட்டிய தூரம் அதைவிடக் குறைவு. அவரை முந்தும்போது பெரில் பையிலிருந்து ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார்!

இதெல்லாம் எப்படி நடந்தது? சார்லியால். சைக்கிளைச் சரிபார்த்தவர், போட்டிக்குக் கூட்டிப்போனவர், பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் அவர். பெரிலைப் பற்றி எழுதுகிறவர்கள் சார்லியைப் பற்றி நாலு வரியாவது எழுதாமல் விடுவதில்லை. மனைவிக்குக் கூஜா தூக்கிய கணவன் என்றால் அது செய்தி ஆயிற்றே. உங்கள் குரூப்பில் இருக்கும் ஆண்கள் வீட்டில் ஆளுக்கொரு சார்லி இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் நாலு வரி எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்திலேயே பாருங்கள், மேட்டுப்பாளையத்துக்குப் பெயர் இருக்கிறது, கோத்தகிரிக்குப் பெயர் இருக்கிறது. அவர் வெறும் “மனைவி”.

ரேஸ் எவ்வளவு தூரம் தலைக்கேறும் என்பதற்கும் பெரில்தான் சாட்சி. 1976 தேசிய சாலைப் போட்டியில் கடைசி ஸ்பிரிண்டில் டெனிஸ் அம்மாவைத் தோற்கடித்தாள். மேடையில் பெரில் மகளுக்குக் கை கொடுக்கவில்லை. முறைவைத்து முன்னால் வந்து எதிர்க்காற்றைத் தாங்காமல் தன் பின்னாலேயே ஒதுங்கி வந்து ஜெயித்துவிட்டாள் என்பது அவர் குறை. பின்னாளில் அதே அம்மாவும் மகளும் இருவர் மிதிக்கும் ஒரே டாண்டம் சைக்கிளில் உட்கார்ந்து 10 மைல் சாதனை வைத்தார்கள். உங்கள் மகளுக்கு ஐந்து வயதுதான், இப்போதைக்கு உங்களை ஸ்பிரிண்டில் முந்தமாட்டாள்.

இதைப் படித்துவிட்டு உடனே கடைக்கு ஓடி மனைவிக்கு ஒரு சைக்கிள் வாங்கி ரிப்பன் கட்டி நிறுத்தாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். சீட் உயரம் சரியில்லை என்பீர்கள், கியரை இப்படி மாற்று என்பீர்கள், போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவீர்கள். அவருக்கு அது இன்னொரு வேலையாகிவிடும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, உங்கள் கோத்தகிரி நேரத்தை, ஐந்திலிருந்து ஒன்று வரை, அப்படியே அவர் கையில் கொடுங்கள். சைக்கிள் ஓட்டட்டும், தோழி வீட்டுக்குப் போகட்டும், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். எங்கே போனாய், என்ன செய்தாய் என்று கேட்கக் கூடாது. பையனுக்கு எத்தனை இட்லி, மகளுக்கு எந்தச் சீப்பு என்று நடுவில் போன் போடவும் கூடாது. அதையெல்லாம் சனிக்கிழமை ராத்திரியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் 12 மணி நேரம் இதில் வராது. ஏழோ எட்டோ வரும். அதை வைத்துக்கொண்டு மூன்றாவது வர முடியுமா என்று என் தம்பியிடம் கேட்டேன். ஏழு மணி நேரத்தில் தன்னை ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னான். ரேஸ் முடிந்ததும் எழுதுங்கள். எத்தனாவது வந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

அன்புடன்,
அக்கா