காப்புரிமைத் தேதியைக் காட்டி விற்ற சாக்ஸபோன்

கேள்வி: பழைய இசைக்கருவிகளை விற்கும் வணிகரிடம் கான் நிறுவனத்தின் டெனார் சாக்ஸபோன் ஒன்றை வாங்கினேன். ரசீதில் ‘1914-இல் செய்யப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்துக் கருவியைப் பழுதுபார்ப்பவர், அது 1920-களில் வந்தது என்கிறார். இது மோசடியா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: வரிசை எண்ணுக்கு அருகே ‘டிசம்பர் 8, 1914’ என்ற தேதியும் 1119954 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதை நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். அவை, துளைகளின் விளிம்பைத் தனியே பற்றவைக்காமல் குழாயின் உலோகத்திலிருந்தே வெளியே இழுத்து அமைக்கும் முறைக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் தேதியும் எண்ணும் ஆகும். பின்னர் பல ஆண்டுகள் வெளிவந்த கருவிகளிலும் இதே பொறிப்பு இருப்பதால், அதைக் கொண்டு செய்த ஆண்டைச் சொல்ல முடியாது.

வணிகர் இதைத் தவறாகப் படித்திருக்கவும் கூடும். பொய்யென்று தெரிந்தே சொன்னார் என்பதையோ, மெய்யா பொய்யா என்ற அக்கறையே இல்லாமல் சொன்னார் என்பதையோ நிறுவினால்தான் மோசடி நிற்கும். அந்தச் சுமையை நீங்கள் வலிய ஏற்க வேண்டியதில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில், 1939-ஆம் ஆண்டுக் காரைப் பதிவுப் புத்தகத்தை நம்பி 1948 என்று விற்ற தனிநபர், 1957-இல் வந்த ஆஸ்கார் செஸ் வழக்கில் தப்பினார். வாங்கியவர்தான் அங்கே வணிகர். ஆனால் 1965-இல் டிக் பென்ட்லி வழக்கில், கார் ஓடிய தூரத்தைத் தவறாகச் சொன்ன வணிகரின் கூற்று, உண்மையை அறியக்கூடிய இடத்தில் அவர் இருந்ததால், ஒப்பந்தத்தில் தந்த உத்தரவாதமாகவே கொள்ளப்பட்டது. உங்கள் வழக்கு இந்த இரண்டாம் வகை.

இழப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். பழையது என்பதாலேயே விலை கூடுவதில்லை. உங்கள் கருவி 1914-இன் கருவிக்கு நிகரான விலை பெறுமென்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், இழப்பே இல்லையென்று ஆகிவிடும். எனவே ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்பதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும். அதற்குக் காலமே பகை: கான்ஸ்டபிள் வரைந்ததென்று விற்கப்பட்ட ஓவியத்தை ஐந்தாண்டு கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்தவரை 1950-இல் லீஃப் வழக்கில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆகவே இன்றிலிருந்து அதை வாசிக்காதீர்கள், மெருகு போடவோ பாகம் மாற்றவோ கொடுக்காதீர்கள். உண்மை தெரிந்த பின்னும் பயன்படுத்துவது, விற்பனையை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்படும். வரிசை எண் பட்டியல்கள் ஆண்டைத் தோராயமாகவே காட்டுவதால், பழுதுபார்ப்பவர் எண்ணோடு கருவியின் அமைப்பையும் விவரித்துக் கையெழுத்திட்டுத் தரட்டும். அதை ரசீதின் நகலோடு இணைத்து, 14 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் வணிகருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள்.