மனம்: கேள்வி பதில்
பிராய்டைப் பார்த்துவிட்டு ஸ்டாக்ஹோம் திரும்பியவர்

கேள்வி: மனத்தில் மறைந்திருப்பதைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வை ஸ்வீடனுக்குக் கொண்டுபோனவர் பௌல் பியெரே என்று படித்தேன். அதைத் தோற்றுவித்த வியன்னா மருத்துவர் பிராய்டின் சீடரா அவர்?

சீடர் என்றால் இரண்டு பேருமே மறுத்திருப்பார்கள். மனநல மருத்துவரான பியெரே 1876-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் பிறந்தவர். 1964-இல், 88 வயதில் மறைந்தார். பிராய்டோடு அவருக்கு நெருக்கம் என்று சொல்லக்கூடிய காலம் இவ்வளவு நீண்ட ஆயுளில் மிகச் சிறியது. 1910-11 குளிர்காலத்தில் வியன்னா போய் அவரைச் சந்தித்தார். ஊர் திரும்பிய கையோடு, 1911 ஜனவரி 17 அன்று ஸ்வீடிஷ் மருத்துவர் சங்கத்தில் உளப்பகுப்பாய்வு பற்றிப் பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் வைமாரில் நடந்த மூன்றாவது சர்வதேச உளப்பகுப்பாய்வு மாநாட்டுக்குப் போனார். அங்கே அவருடன் வந்திருந்தவர் எழுத்தாளர் லூ ஆந்திரேயாஸ்-சலோமே. இந்தப் பெண்மணி பின்னாளில் பிராய்டின் நெருங்கிய நண்பராகி, தாமே பகுப்பாய்வாளரும் ஆனார். பியெரேயால் பிராய்டுக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்த அறிமுகம்தான் என்று சொன்னால் மிகையில்லை.

1914-இல் தம் இயக்கத்தின் வரலாற்றை எழுதியபோது பிராய்டு இவரை ஒரே வரியில் கடந்துபோகிறார். வெட்டர்ஸ்ட்ராண்டின் இடத்துக்கு வந்த பியெரே, ஹிப்னாடிச முறையை ‘தற்போதைக்காவது’ கைவிட்டுப் பகுப்பாய்வுக்கு மாறியிருக்கிறார் என்ற பொருளில் ஒரு குறிப்பு. அந்தத் ‘தற்போதைக்காவது’வைக் கவனியுங்கள். பிராய்டுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வீண்போகவில்லை.

கேள்வி: யார் அந்த வெட்டர்ஸ்ட்ராண்ட்? அவருடைய ஹிப்னாடிச வைத்தியம் நடைமுறையில் எப்படி நடந்தது? எங்கே சறுக்கும்?

ஓட்டோ வெட்டர்ஸ்ட்ராண்ட் (1845-1907) ஸ்டாக்ஹோமில் பெயர் பெற்ற மருத்துவர். பிரான்சின் நான்சி நகரத்து மருத்துவர்கள் லியெபோ, பெர்ன்ஹைம் ஆகியோரின் முறையைப் பின்பற்றி 1887-இல் ஹிப்னாடிசத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டே அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவர் இறந்ததும் நோயாளிகளோடு சேர்த்து மருத்துவமனையை ஏற்றுக்கொண்டவர் பியெரே.

காலடி கேட்காத தடித்த கம்பளம், சோபாக்கள், சாய்வு நாற்காலிகள். ஒரே நேரத்தில் பல நோயாளிகள். இப்படித்தான் அந்த அறையை வர்ணிப்பார்கள். மருத்துவர் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி காதோடு கிசுகிசுப்பார். புதிதாக வந்தவர் முதலில் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் தூங்குவதைப் பார்ப்பார். இதை இடப் பற்றாக்குறை என்று நினைக்க வேண்டாம். பத்துப் பேர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்த பதினோராவது ஆளுக்குப் பாதித் தூக்கம் அப்போதே வந்துவிடும்.

நான்சி முறையின் வரிசை எளிது. நோயாளியை வசதியாக உட்காரவைத்து, பார்வையை ஓரிடத்தில் நிறுத்தச் சொல்வார்கள். கண் கனக்கிறது, கை கால் தளர்கிறது, தூக்கம் வருகிறது என்று தாழ்ந்த, ஒரே சீரான குரலில் சொல்வார்கள். இமை மூடியதும் நோய்க்குறிக்கான வாசகம்: வலி குறைகிறது, இரவில் நன்றாக உறங்குவீர்கள் என்பதுபோல. கடைசியில் எழுப்புவது.

சறுக்குவது பெரும்பாலும் நாலு இடத்தில். வந்தவர் ‘நான் தூங்கிவிட்டேனா’ என்று தம்மையே சோதித்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராது. பயந்தவருக்கும் இதே கதிதான். மருத்துவர் அவசரப்பட்டு, கண் இன்னும் கனக்காதபோதே ‘கண்ணைத் திறக்க முடியாது’ என்று சொல்லி, நோயாளி திறந்துவிட்டால் அன்றைய வேலை அதோடு கெட்டது. வாசகம் பொதுப்படையாக இருந்தால், ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்றால், மனம் எதையும் பிடித்துக்கொள்ளாது. நாலாவது, எழுப்பும்போது செய்யும் கவனக்குறைவு. கை கனக்கிறது என்று சொன்னவர், அந்தக் கனம் போய்விட்டது என்று திருப்பிச் சொல்லாமல் எழுப்பினால், தலை பாரமும் மந்தமுமாக ஆள் வீடு போவார்.

வெட்டர்ஸ்ட்ராண்டுக்கே உரிய முறை நீடித்த தூக்கம். மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில். பக்கத்தில் இருக்கும் செவிலியின் குரலும் நோயாளிக்குக் கேட்கும்படி முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுவார்கள். அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு, தூக்கம் கலையாமலேயே சாப்பிடுவார். தேர்ந்த ஆள் இல்லாமல் வீட்டில் செய்து பார்க்கிற காரியம் இல்லை இது.

கேள்வி: பிராய்டு ஹிப்னாடிசத்தைக் கைவிட்டாரே, பியெரே மட்டும் ஏன் அதை விடவில்லை?

பிராய்டின் காரணங்கள் தெளிவானவை. எல்லோரையும் அந்த நிலைக்குக் கொண்டுபோக முடிவதில்லை. போன நோய்க்குறி திரும்பி வருகிறது, அல்லது வேறு உருவில் வருகிறது. மருத்துவரோடு உள்ள உறவு கெட்டால் பலனும் கெடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியின் மனம் எதை மறைக்கப் போராடுகிறது என்பதை ஹிப்னாடிசம் மூடிவிடுகிறது. அந்த எதிர்ப்பைப் பார்ப்பதுதானே பகுப்பாய்வின் வேலை?

பியெரேக்கு ஹிப்னாடிசத் தூக்கத்தின் உள்ளடக்கத்தைவிடத் தூக்கமே முக்கியமாகப் பட்டது. கருவில் இருந்த குழந்தையின் ஓய்வுநிலைக்குத் தற்காலிகமாகத் திரும்புவதே ஹிப்னாடிச நிலை என்று அவர் கருதினார். மனத்துக்குத் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் சக்தி உண்டு. மருத்துவர் அதற்கு இடம் கொடுத்தால் போதும். இந்த எண்ணம்தான் 1919-இல் வந்த ‘மரணமும் புத்துயிர்ப்பும்’ என்ற நூலிலும் விரிகிறது. உயிர் என்பது இடைவிடாமல் செத்துப் பிறப்பது. பழையது உதிர வேண்டும், புதியது துளிர்க்க வேண்டும். இந்தத் தாளம் நின்று, மனிதர் ஒரே சுவட்டில் இயந்திரம்போல் ஓடத் தொடங்குவதே நரம்பு நோய். பிராய்டு நோயின் வேரைக் கடந்த காலத்தில் தோண்டினார் என்றால், பியெரே எங்கே உறைந்துபோயிற்று என்று தேடினார். கவித்துவமான கருத்துதான். ஆனால் சோதித்துப் பார்க்கப் பிடி கொடுக்காத கருத்து என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: கனவு பற்றி அவர் என்ன சொன்னார்? அவர் வழியில் கனவைப் பதிவு செய்வது எப்படி?

1933-இல் கனவுகள் பற்றிய அவரது முக்கிய நூல் வந்தது. 1936-இல் ஜெர்மனில் வந்தபோது அதன் தலைப்பே ‘கனவு காண்பது, மனம் குணமாகும் வழி’ என்ற பொருள் தருவது. நிறைவேறாத ஆசை மாறுவேடம் போட்டு வருவதே கனவு என்பது பிராய்டின் கட்சி. பியெரேக்குக் கனவு ஒரு செரிமானம். நடந்ததை மனம் மென்று, தன்னுடையதாக்கிக்கொண்டு, அதன் பிடியிலிருந்து விடுபடும் வேலை. அதனால் ஒற்றைக் கனவைவிடக் கனவுத் தொடரில்தான் விஷயம் இருக்கிறது.

கற்பனையாக ஒரு உதாரணம். தந்தையை இழந்த ஒருவர் முதலில் காணும் கனவில் அப்பா வழக்கம்போல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், எதுவுமே நடக்கவில்லை. சில வாரம் கழித்து, அப்பா பெட்டி கட்டுகிறார். இன்னும் கொஞ்ச நாளில், அதே கூடம், நாற்காலி காலி, கனவு காண்பவர் ஜன்னலைத் திறக்கிறார். நாற்காலிக்கு என்ன அர்த்தம், ஜன்னலுக்கு என்ன அர்த்தம் என்று இங்கே தேட வேண்டாம். காட்சிக்குக் காட்சி என்ன நகர்ந்தது என்று பாருங்கள்.

பதிவு செய்ய: விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். கதையாக்க வேண்டாம்; பொருந்தாததைப் பொருந்தாதபடியே விடுங்கள். விழிக்கும்போது இருந்த உணர்ச்சிக்குத் தனியாக ஒரு வரி. பத்துப் பதினைந்து கனவு சேரும்வரை விளக்கம் தேடாதீர்கள். கனவு அகராதியைத் திறந்தால் வேலை கெட்டது. விபத்துக்கோ வன்முறைக்கோ பிறகு ஒரே கெட்ட கனவு மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் நோட்டுப் புத்தகம் போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ‘சைக்கோசிந்தசிஸ்’ இவர் கண்டுபிடித்ததா?

அந்தச் சொல்லை அவர் தம் முறைக்குப் பயன்படுத்தினார். பிரித்துப் பார்ப்பது போதாது, சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற பொருளில். இன்று அந்தப் பெயரில் பயிற்சி தருகிறவர்கள் பெரும்பாலும் இத்தாலியரான ரொபர்த்தோ அசஜோலியின் வழிவந்தவர்கள். பெயர் ஒன்று, சிந்தனை மரபு வேறு.

கேள்வி: அப்படியானால் ஸ்வீடனில் பிராய்டு வழியை வளர்த்தது யார்?

ஆல்ஃபில்ட் தாம். ஸ்வீடனின் முதல் பெண் மனநல மருத்துவர். ஸ்டாக்ஹோம் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுக் குறைபாடுகளில் நிபுணர். பியெரே பிறந்த அதே 1876-இல் பிறந்தவர். 1934-இல் பின்லாந்து-ஸ்வீடன் உளப்பகுப்பாய்வுச் சங்கம் அமைந்ததில் முன்னின்றவர் இவர். பியெரே அதில் இல்லை. பிராய்டிடமிருந்து பிரிந்த சுவிஸ் மனநல மருத்துவர் யுங் தலைமையில் இருந்த சர்வதேச உளச்சிகிச்சைச் சங்கத்தின் ஸ்வீடன் பிரிவை அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.