துணைக்குப் போனவள்

அன்புள்ள அம்மா,

நீங்கள் பரிந்துரைத்த ‘நெவர் ரேர்லி சம்டைம்ஸ் ஆல்வேஸ்’ படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆறு பேர் கூடிப் பார்த்தோம். முடிந்ததும் ஒரு மணி நேரம் சண்டை. பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர். ஆட்டம் (Autumn) என்ற பதினேழு வயதுப் பெண் கர்ப்பமாகிறாள். வீட்டுக்குத் தெரியாமல் கலைத்துவிட, உறவுக்காரப் பெண் ஸ்கைலரோடு நியூயார்க்குக்கு பஸ் ஏறுகிறாள். கதை அவ்வளவுதான். நூறு நிமிடம் இருவரும் உட்கார்கிறார்கள், நடக்கிறார்கள், மறுபடி உட்கார்கிறார்கள்.

ஒரு நண்பர் “இதில் படம் எங்கே இருக்கிறது?” என்றார். இன்னொருவருக்கு, குழந்தைக்கு அப்பா யார் என்று கடைசிவரை சொல்லவில்லையே என்று கோபம். அம்மாவின் கணவனா, பள்ளிக்கூடப் பையனா? படத்தில் ஒரு ஆண்கூட யோக்கியன் இல்லையா என்றார் மூன்றாமவர். பணத்துக்காக ஸ்கைலர், பஸ்ஸில் பழக்கமான ஒரு பையனை முத்தமிட விடுவது எனக்கே உறுத்தலாக இருந்தது. கூடப் பார்த்த என் அண்ணி மட்டும் ஒன்றும் பேசவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இது நிஜமாகவே பெரிய படம்தானா? விருது வாங்கியிருப்பதால் அப்படிச் சொல்கிறோமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி காபி டம்ளர் வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

‘துணைக்குப் போவது’ என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. ராத்திரி கொல்லைப்பக்கம் போக, ஊர்விட்டு ஊர் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, “நீ ஒரு எட்டு துணைக்கு வாயேன்” என்பார்கள். துணைக்குப் போகிறவளுக்கு அங்கே தனியாக ஒரு வேலையும் கிடையாது. கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பதினொரு வயதில் என் சித்தி என்னை அப்படி ஒருமுறை கூட்டிப்போனாள். காலை முதல் பஸ். டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. என் மடியில் ஒரு மஞ்சப்பை. அதில் பிளாஸ்க், ஒரு துண்டு, ஒரு புடவை. சித்தி உள்ளே போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியத்துக்கு மேல் வந்தாள். முகம் கழுவியிருந்தாள், நெற்றியில் பொட்டு இல்லை. பஸ் ஸ்டாண்டில் எனக்கு பன்னும் டீயும் வாங்கித் தந்து தான் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாள். திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அத்தனை பெரிய மனுஷி என் தோளில் தூங்குகிறாளே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. என்ன, ஏது என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. சித்தி போய்ச் சேர்ந்தும் பல வருஷமாகிறது.

இந்தப் படத்தில் ஸ்கைலரைப் பார்த்தபோது எனக்கு அந்த மஞ்சப்பைதான் ஞாபகம் வந்தது. உங்கள் நண்பர்கள் எல்லோருமே ஆட்டத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கூடப் போகிறவளின் பக்கம் நின்று பார்க்க வேண்டிய படம் இது.

இருவரும் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர்கள். வேலை முடிந்து அன்றைய வசூலை ஒரு துவாரம் வழியாக நீட்ட வேண்டும். உள்ளே இருக்கும் மேனேஜர் பணத்தை வாங்கும் சாக்கில் அந்தக் கைகளை முத்தமிடுவார். அவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை, இழுத்துக்கொள்ள முடியாத கைகளை மட்டும் பார்க்கிறோம். ஆட்டத்தின் நிலைமை தெரிந்ததும் ஸ்கைலர் என்ன செய்கிறாள்? கல்லாப் பணத்தில் கொஞ்சத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். அடுத்து பெட்டி கட்டுகிறார்கள், பஸ்ஸில் இருக்கிறார்கள். ‘நான் இருக்கேன் உனக்கு’ என்று ஒரு வசனம் வரும் என்று நாம் காத்திருப்போம். வராது. ‘யார்டி அவன்?’ என்ற கேள்வியும் வராது.

“இதில் படம் எங்கே இருக்கிறது?” என்றாரே உங்கள் நண்பர், இங்கேதான் இருக்கிறது. நடப்பதெல்லாம் கேட்காமலேயே நடக்கிறது.

அப்படியானால் இந்தப் படத்தில் யார்தான் கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஊரில் ஒரு கர்ப்ப ஆலோசனை மையத்துக்குத்தான் ஆட்டம் முதலில் போகிறாள். அங்கே இருக்கும் அம்மாள் அன்பாகத்தான் பேசுகிறார். கருக்கலைப்பு எவ்வளவு கொடியது என்று வீடியோ போட்டுக் காட்டுகிறார். பத்து வாரம் என்கிறார். நியூயார்க்கில் ஸ்கேன் செய்தபிறகு தெரிகிறது, பதினெட்டு வாரம். அந்த அன்பான அம்மாளின் கணக்கை நம்பித்தான், ஒரே நாளில் முடிந்துவிடும் என்று கிளம்பினார்கள். இப்போது வேறொரு கிளினிக்குக்குப் போக வேண்டும், அங்கே இரண்டு நாள் வேலை. கையில் ஓட்டலில் தங்கப் பணமில்லை. பஸ் நிலையத்திலும் சப்வே ரயிலிலும் அந்தப் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ராத்திரியைக் கழிக்கிறார்கள். உட்கார்கிறார்கள், நடக்கிறார்கள் என்றீர்களே, அவர்களுக்குப் போக இடம் கிடையாது சார். அதனால்தான் நடக்கிறார்கள்.

அதன்பிறகு அந்த ஒரு காட்சி. கிளினிக்கில் ஆலோசகர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார். உன் துணைவன் ஆணுறை போட மறுத்திருக்கிறானா? உன்னை மிரட்டியிருக்கிறானா? அடித்திருக்கிறானா? நான்கு விடைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒருபோதும் இல்லை, அபூர்வமாக, சில சமயம், எப்போதும். படத்தின் தலைப்பே இந்த நான்கு சொற்கள்தான். முதல் கேள்விகளுக்குச் சட்டென்று சொல்லிவிடுகிறாள். பிறகு பதில் வரத் தாமதமாகிறது. பிறகு வரவே இல்லை. கண் ஓரத்தில் தண்ணீர் கட்டுகிறது, பார்வை மேலே, பக்கத்தில், எங்கெங்கோ போகிறது. கேமரா அவள் முகத்தைவிட்டு நகர மறுக்கிறது. அந்த ஆலோசகராக நடித்த கெல்லி சாப்மன் நிஜ வாழ்க்கையிலும் அதே வேலை செய்தவர். அதனால்தான் அந்தக் குரலில் அவசரமும் இல்லை, பரிதாபமும் இல்லை. ஆட்டமாக வரும் சிட்னி ஃப்ளானிகனுக்கு இது முதல் படம்.

குழந்தைக்கு அப்பா யார் என்று உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. பெயர் மட்டும்தான் இல்லை. அவள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டபிறகும் நமக்குப் பெயர் வேண்டியிருக்கிறது. ஊரிலும் இதைத்தானே கேட்பார்கள்? ‘எவன்?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டால் விஷயம் முடிந்ததாக ஊருக்கு ஒரு நிம்மதி. இயக்குநர் எலைசா ஹிட்மன் அந்த நிம்மதியை நமக்குத் தரவில்லை. அவர் அப்படிச் செய்தது சரி என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். கூட வந்த ஸ்கைலரே கேட்காததைக் கேட்க நமக்கு என்ன உரிமை?

முத்தக் காட்சிக்கு வருகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. உறுத்த வேண்டிய காட்சிதான். திரும்பிப்போக டிக்கெட்டுக்குப் பணமில்லை. பஸ்ஸில் பழக்கமான ஜாஸ்பர் என்ற பையனிடம் ஸ்கைலர் கேட்கிறாள். அவன் கெட்டவன் இல்லை. பணமும் தருகிறான். ஆனால் அவளுக்குத் தேவை இருக்கிறது என்று தெரிந்தபிறகு அவன் கை எங்கே போகிறது என்பதுதான் விஷயம். தூணில் சாய்ந்தபடி அவள் அவனை முத்தமிட விட்டு நிற்கிறாள். ஆட்டம் தேடிக்கொண்டு வருகிறாள். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவனுக்குத் தெரியாமல், தன் சுண்டுவிரலை ஸ்கைலரின் சுண்டுவிரலில் கோத்துக்கொள்கிறாள். நாம் சின்ன வயதில் ‘பழம்’ விட விரல் கோப்போமே, கிட்டத்தட்ட அப்படி. அதுவரை ஸ்கைலர் துணையாக வந்தவள். அந்த ஒரு நிமிஷம் ஆட்டம் அவளுக்குத் துணை நிற்கிறாள். சினிமாவில் இரண்டு பெண்களுக்கு நடுவே நான் பார்த்த மிகப் பெரிய நன்றி அந்தச் சுண்டுவிரல்தான். அதற்கு வசனம் எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

ஒரு ஆண்கூட யோக்கியன் இல்லையா என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது எல்லா ஆண்களையும் பற்றிய படம் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பெண்கள் மூன்று நாள் வெளியே இருந்தால் அவர்கள் எதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் இதைவிட நீளமான பட்டியல் கிடைக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தப் படத்தின் விதை நம் பக்கத்து மாநிலத்துப் பெண் ஒருத்தியின் சாவு. சவிதா ஹலப்பனவர், கர்நாடகத்துக்காரர், அயர்லாந்தில் கால்வே நகரில் வாழ்ந்த பல் மருத்துவர். 2012 அக்டோபரில், பதினேழாவது வாரத்தில், கரு தங்காது என்று தெரிந்துபோனது. கலைத்துவிடச் சொல்லிக் கேட்டார். கருவின் இதயத் துடிப்பு இருக்கும்வரை முடியாது என்று மறுத்துவிட்டார்கள். ரத்தத்தில் நச்சு பரவி அக்டோபர் 28ஆம் தேதி இறந்தார். வயது 31. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஹிட்மன் இந்த விஷயத்துக்குள் போனார். அயர்லாந்துப் பெண்கள் அந்த நாளில் கருக்கலைப்புக்காகக் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்தை அவர் தன் நாட்டுக்குள் தேடியபோது கிடைத்ததுதான் பென்சில்வேனியாவிலிருந்து நியூயார்க். பென்சில்வேனியாவில் பதினெட்டு வயது ஆகாதவளுக்குப் பெற்றோரில் ஒருவர் சம்மதம் வேண்டும், நியூயார்க்கில் வேண்டாம். சட்டத்தின் அந்த ஒரு நிபந்தனைதான் இவர்களை பஸ் ஏற்றியது.

2018இல் அயர்லாந்து மக்கள் வாக்களித்து அந்தக் கருக்கலைப்புத் தடையை நீக்கினார்கள். அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1973 முதல் நாடு முழுக்க இருந்த உரிமையை 2022 ஜூனில் அதன் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. 2020இல் வந்த இந்தப் படம் இப்போது இன்னும் பல மாநிலங்களின் கதை. நம் ஊரில் 1971லேயே சட்டம் வந்துவிட்டது. மணமாகாத பெண்களுக்கும் அந்தச் சட்டம் முழுதாகப் பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆனாலும் பதினெட்டு ஆகாத பெண்ணுக்கு இங்கேயும் காப்பாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். ஆட்டம் நம் ஊரில் பிறந்திருந்தாலும் அம்மாவிடம் சொல்ல முடியாத அந்த ராத்திரி அவளுக்கு இருந்திருக்கும்.

விருது பற்றிக் கேட்டீர்கள். 2020இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி கிராண்ட் ஜூரி பரிசு, அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் ஒரு சிறப்பு ஜூரி விருது. ஆனால் தியேட்டருக்கு வந்த சில நாளிலேயே கொரோனாவால் தியேட்டர்கள் மூடிவிட்டன. பெரும்பாலானவர்கள் உங்களைப்போல வீட்டில்தான் பார்த்தார்கள். விருதை மறந்துவிட்டே பேசலாம். எலேன் லூவார்ட்டின் ஒளிப்பதிவு 16 எம்.எம். பிலிமில். அந்த மணல்மணலான படத்தில் முகத்தின் தோலும் பருவும் கழுத்து வியர்வையும் தெரிகிறது. எனக்கு ஒரே குறை உண்டு. தொடக்கத்தில் வீட்டுக் காட்சிகளில் அம்மாவின் கணவனைக் கொஞ்சம் அழுத்தமாகவே வரைந்துவிட்டார்கள். உங்கள் நண்பர் அவனைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை, படம்தான் அந்தப் பக்கம் கையைக் காட்டிவிடுகிறது. ஊருக்கு வெளியே வந்தபிறகுதான் படத்துக்கு அதன் நிதானம் கிடைக்கிறது.

இனி அண்ணி. அவரிடம் போய் ‘படம் எப்படி இருந்தது, சொல்லுங்க’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சபையில் கருத்துச் சொல்லாததால் அவருக்குக் கருத்து இல்லை என்று ஆகாது. ஐந்து பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவருக்குப் படம் எங்கே பட்டது என்று எனக்குத் தெரியாது. அது அவருடையதாகவே இருக்கட்டும்.

ஒன்று செய்யுங்கள். நண்பர்கள் இல்லாத ஒரு நாளில், “இன்னொரு தடவை போடட்டுமா அண்ணி?” என்று மட்டும் கேளுங்கள். சரி என்றால் கூட உட்கார்ந்து பாருங்கள். அப்போது அந்தப் பெட்டியைக் கவனியுங்கள். எந்தப் படிக்கட்டில் அது யார் கையில் இருக்கிறது, எப்போது கை மாறுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.