பயத்லானுக்கு மாறும் மகள்: கையெழுத்துப் போடலாமா?

அக்கா,

சின்ன வயதிலிருந்தே நெடுந்தூரப் பனிச்சறுக்கில் ஓடிய மகள், பதினாறு வயதில் பயத்லானுக்குப் போகிறேன் என்று ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறாள். இத்தனை வருடப் பாடும் வீணா என்று கேட்கிறீர்கள். வீணில்லை. பயத்லானிலும் சறுக்கித்தானே ஓட வேண்டும், இடையிடையே துப்பாக்கியால் இலக்கைச் சுடுவதுதான் கூடுதல்!

டெனிசே ஹெர்மான் என்று சொல்லிப் பாருங்கள், மகளுக்குத் தெரிந்திருக்கும். ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்துக்காரி. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு அஞ்சலோட்டத்தில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். 2016இல், 27 வயதில், துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். கால்வேகம் கூடவே வந்தது. சுடுவதை மட்டும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. இலக்கு 50 மீட்டர் தள்ளி இருக்கும். படுத்துச் சுடும்போது அதன் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. நெஞ்சு படபடக்க ஓடிவந்த கையோடு அதை அடிக்க வேண்டும். ஸ்ப்ரிண்ட் என்ற குறுந்தூரப் போட்டியில் ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று, 15 கி.மீ. தனிநபர் போட்டியில் ஒரு நிமிடம் கூட்டிவிடுவார்கள்.

2017 டிசம்பரில் சுவீடனின் ஓஸ்டர்சுண்டில் முதல் உலகக் கோப்பை வெற்றி. அடுத்த பிப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக்கில் பதக்கமே இல்லை. 2019இல் உலக சாம்பியன். 2022 பெய்ஜிங்கில், 33 வயதில், அதே 15 கி.மீ. போட்டியில் 20 குண்டில் ஒன்றைத்தான் தவறவிட்டார், தங்கம். மாறியதிலிருந்து அதற்கு ஆறு வருடம் பிடித்தது.

எல்லாருக்கும் இப்படி அமையாது. 2018இல் நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஸ்ப்ரிண்டில் ஒலிம்பிக் தங்கம் வென்ற சுவீடனின் ஸ்டினா நில்சனும் 2020இல் பயத்லானுக்கு மாறினார். அங்கே ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கவில்லை. மகளுக்கு இதையும் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் இருவரும் வளர்ந்த பிறகு மாறியவர்கள். உங்கள் மகளுக்குப் பதினாறுதான்; என் கணக்கில் இது நல்ல நேரம்.

துப்பாக்கிப் பயம் எனக்குப் புரிகிறது. நாம் கடந்து வந்த காலம் அப்படி. இங்கே ஜேர்மனியில் சட்டம் இறுக்கமானது: 14 வயதுக்கு மேல், பெற்றோர் சம்மதத்தோடு, மைதானத்தில் பொறுப்பாளர் மேற்பார்வையில்தான் சுடலாம்.

எனக்குக் கவலை வருமானத்தைப் பற்றித்தான். ஜேர்மனியில் முன்னணி வீரர்களைச் சுங்கத்துறை, மத்திய காவல்துறை, ராணுவம் ஆகியவை சம்பளத்தோடு சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் தேசிய அளவில் தேறியவர்களுக்குத்தான் அந்தக் கதவு. ஹெர்மானே 2023இல், 34 வயதில், ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் அபிட்டூரை, அதாவது பல்கலைக்கழகம் போகத் தேவையான பள்ளி இறுதிப் பரீட்சையை, எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போட விடாதீர்கள்.

கையெழுத்துப் போடுங்கள், ஆனால் அதற்கு முன் பயிற்றுநரை நேரில் பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் சுடப் பழக்குவார்கள், அதற்குத் தனி ஆள் உண்டா, பரீட்சைக் காலத்தில் பயிற்சியைக் குறைப்பார்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு கழகம் பார்க்கலாம்.