கேள்வி பதில்: வைரஸ் வந்திட்டுது எண்டு கலத்துக்கு எப்பிடித் தெரியுது?

உயர்தர மாணவி, கொக்குவில்: சேர், எங்கட கலத்திலயும் ஆர்.என்.ஏ. இருக்கு, வைரஸிலயும் இருக்கு. வித்தியாசம் பிடிக்கிறது எப்பிடி?

நுனியைப் பாருங்கோ பிள்ளை. எங்கட தூது ஆர்.என்.ஏ. கருவுக்குள்ளயே தொப்பி போட்டுக்கொண்டுதான் வெளியில வரும். 5' முனையில மெதைல் குவானோசின், அடுத்த நியூக்கிளியோரைட்டின்ர வெல்லத்தில இன்னொரு மெதைல். கனக்க வைரஸ்களின்ர ஆர்.என்.ஏ.க்கு அந்த முனை மொட்டை, மூண்டு பொசுபேற்று நீட்டிக்கொண்டு நிக்கும். அந்த இடம் இரட்டை இழையாவும் இருந்தால் ரிக்-ஐ புரதம் பிடிக்கும். எம்.டி.ஏ.5 எண்ட மற்றப் புரதம் முனையைப் பார்க்காது, நீண்ட இரட்டை இழையில வரிசையா ஒட்டும். ரெண்டும் இழைமணியின்ர வெளிமென்சவ்வில இருக்கிற மாவ்ஸ் எண்ட செய்தி கடத்துற புரதத்தைத் தட்டும். அதால ஐ.ஆர்.எஃப்.3 எண்ட, மரபணுவைத் தூண்டுற புரதம் கருவுக்குள்ள போக, இன்டர்பெரோன் பீற்றா எண்ட எச்சரிக்கைப் புரதம் சுரந்து பக்கத்துக் கலங்களையும் எச்சரிக்கும். இதைப் பிறபொருளெதிரி எண்டு எழுதிப்போடாதேங்கோ. அது வர நாள்கள் செல்லும், இது மணித்தியாலக் கணக்கு.

சுன்னாகம்: பப்பாசி இலைச்சாறு குடிச்சால் டெங்கு மாறுமோ?

மாறும் எண்டு நிரூபணமில்லை. டைக்குளோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் தொடாதேங்கோ, இரத்தக்கசிவு கூடும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அளவோட.

மானிப்பாய்: வைரஸை உணருற டோல் ஏற்பிகள் எதை எதைப் பார்க்கும்?

எண்டோசோம் எண்ட, கலம் உள்ளிழுத்த பைகளுக்குள்ள டோல் ஏற்பி 3 இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைப் பார்க்கும், 7உம் 8உம் ஒற்றை இழை, 9 டீ.என்.ஏ.

உயிரியல் ஆசிரியர், சாவகச்சேரி: சீகாஸ் எண்ட உணரிப் புரதம் டீ.என்.ஏ.யைத்தான் பிடிக்கும். டெங்கு ஆர்.என்.ஏ. வைரஸ். அப்ப அதுக்கு இங்க என்ன வேலை?

வேலை இருக்கு மாஸ்ரர். டெங்கு பெருகேக்க இழைமணி காயப்பட்டு அதின்ர டீ.என்.ஏ. குழியவுருவுக்குள்ள கசியும். சீகாஸ் அதில ஒட்டி சீகாம்ப் எண்ட சின்ன மூலக்கூறைச் செய்யும், அது ஸ்டிங் எண்ட புரதத்தை எழுப்பும், அதுவும் இன்டர்பெரோனுக்குத்தான் வழி. டெங்கின்ர என்.எஸ்.2பி3 நொதியம் மனித ஸ்டிங்கை வெட்டிப்போடும். தேவையில்லாத பாதையெண்டால் வைரஸ் ஏன் கத்தி வைச்சிருக்குது? ரிக்-ஐக்கும் எம்.டி.ஏ.5க்கும் பிடிபடாமல் இருக்க, டெங்கின்ர என்.எஸ்.5 புரதம் தொப்பியையும் மெதைலையும் தானே செய்து போடும், இரட்டை இழை ஆர்.என்.ஏ. மென்சவ்வுப் பைகளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

அதே ஆசிரியர்: எலியிலயும் அப்பிடியோ?

எலியின்ர ஸ்டிங்கை அந்த நொதியத்தால வெட்டேலாது. டெங்கு சாதாரண எலியில நல்லாப் பெருகாததுக்கு அதுவும் ஒரு காரணம். அதால இன்டர்பெரோன் ஏற்பி நீக்கின எலிகளை எடுக்கினம். அந்த எலியிட்ட இன்டர்பெரோனைப் பற்றிக் கேட்டால் என்ன மறுமொழி வரும், சொல்லுங்கோ?

கோப்பாய்: பப்பாசி இலை...

மேல சொல்லியாச்சு. டைக்குளோபெனாக் வேண்டாம்.

நல்லூர்: மகனுக்கு நாலு நாளாக் காய்ச்சல், இண்டைக்கு விட்டிட்டுது. ஆனால் வயித்துநோ, சத்தி.

அம்மா, இதை வாசிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. டெங்கெண்டால் காய்ச்சல் விடுற நேரம்தான் இரத்தக் குழாயில இருந்து நீர்க்கசிவு தொடங்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.