சீனாவில் ஹோட்டல், கையில் பிளாட்டினம்: வாசகர் கேள்வி பதில்

மேரியட் ஹோட்டல் குழுமத்தில் அடிக்கடி தங்குவோருக்கான அந்தஸ்துகளில் ஒன்றான பிளாட்டினம் உறுப்பினர் நான். ஷாங்ஹாயில் மூன்று இரவுக்கு ஒரு பயண இணையத்தளத்தில் அறை பிடித்தேன். ஹோட்டலின் சொந்தச் செயலியைவிட இரவுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி குறைவு. இப்போது இலவசப் பசியாறலும் இல்லை, உறுப்பினர்களுக்கான ஓய்வுக்கூடமான லவுஞ்சும் இல்லை என்கிறார்கள். உறுப்பினர் எண்ணைக் கொடுத்த பிறகும் இப்படிச் செய்யலாமா?
சரவணன், செங்காங்

விதிப்படி அவர்கள் சொல்வது சரிதான். மேரியட், ஹில்டன், ஹயட், ஐஎச்ஜி என எந்தக் குழுமமானாலும், அதன் சொந்த இணையத்தளம், செயலி, தொலைபேசி வழியாகப் பிடித்த அறைக்குத்தான் புள்ளிகள் சேரும், சலுகைகள் கேட்கும் உரிமையும் உண்டு. இடைத்தரகரிடம் பிடித்த அறைக்கு எண்ணைச் சேர்த்தாலும் அந்தஸ்துக்கான இரவுக் கணக்கு ஏறாது. முகப்பில் இருப்பவர் மனமிரங்கி ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், வாதாட முடியாது.

அந்த 30 வெள்ளி நிஜமா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். சீன ஹோட்டல்களில் அறை வாடகைக்கு மேல் 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 6% வரி என்பது பரவலான வழக்கம். ஆக மொத்தம் 16.6%. 800 யுவான் என்று காட்டும் அறைக்குக் கையைவிட்டுப் போவது 932.80 யுவான். ஒரு தளம் வரியோடு காட்டும், இன்னொன்று வரியில்லாமல் காட்டும். பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். பிறகு இருவருக்கான காலை பஃபே விலையை ஹோட்டலின் நேரடி விலையிலிருந்து கழித்துப் பார்த்தால், மலிவு எது என்பது தெரிந்துவிடும்.

ரத்து செய்யக்கூடிய முன்பதிவு என்றால் கெடுவுக்குள் ரத்து செய்துவிட்டு நேரடியாகப் பிடியுங்கள். சீன நேரமும் நம் சிங்கப்பூர் நேரமும் ஒன்றுதான், கெடு குழப்பம் வராது.

நேரடியாகப் பிடிக்கும்போது ஹோட்டலின் பிராண்டையும் பாருங்கள். ஷெரட்டனிலும் வெஸ்டினிலும் கிடைக்கும் பிளாட்டினம் பசியாறல், அதே குழுமத்தின் ரிட்ஸ்-கார்ல்டனில் கிடையாது. லவுஞ்சும் அங்கே அந்தஸ்தால் கிடைக்காது. ஹில்டனில் கோல்டுக்கே பசியாறல் உண்டு, லவுஞ்சுக்கு டைமண்ட் வேண்டும். ஐஎச்ஜியில் பிளாட்டினத்துக்குப் பசியாறல் உத்தரவாதம் இல்லை, டைமண்டுக்கு உண்டு. பார்க் ஹயட்டில் லவுஞ்சே இருக்காது. ஹயட்டின் உச்ச அந்தஸ்தான குளோபலிஸ்ட் உறுப்பினர் உணவகத்திலேயே பசியாறலாம், அது இன்னும் நல்லது. ‘பிளாட்டினம்’ என்ற ஒரே சொல் ஒவ்வொரு குழுமத்திலும் ஒவ்வொரு பொருள் தருவதால்தான் முகப்பில் பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

கடப்பிதழில் என் பெயர் ‘எஸ்/ஓ’ போட்டு அப்பா பெயருடன் இருக்கிறது. உறுப்பினர் கணக்கோ அந்தச் சாய்கோட்டை ஏற்கவில்லை. பெய்ஜிங்கில் தங்கிய இரவுகள் கணக்கில் ஏறவே இல்லை. பெயர்தான் காரணமா?
குமரன், ஈசூன்

பெரும்பாலும் அதுதான். சீன ஹோட்டலில் கடப்பிதழை ஸ்கேன் செய்து, அதிலுள்ள பெயரை அப்படியே பதிகிறார்கள். முன்பதிவில் உள்ள பெயர் அதோடு பொருந்தாவிட்டால், ஊழியர் புதிய விருந்தினர் பதிவு ஒன்றைத் தொடங்கிவிடுவதுண்டு. உங்கள் உறுப்பினர் எண் பழைய பதிவில் கிடக்கும், நீங்கள் தங்கிய கணக்கு புதியதில் ஏறும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

கணக்கில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயரையும், மற்ற கட்டத்தில் உங்கள் பெயரையும் போடுங்கள். சாய்கோடும் ‘எஸ்/ஓ’வும் வேண்டாம், தலைப்பெழுத்தாகவும் சுருக்காதீர்கள். முன்பதிவிலும் எழுத்துக்கூட்டல் அதேபோல் இருக்கட்டும். செக்-இன் செய்யும்போது செயலியிலுள்ள உறுப்பினர் அட்டையைக் காட்டி, கையெழுத்திடும் படிவத்தில் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. கிளம்பும்போது முழு ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சில நாளில் கணக்கு ஏறாவிட்டால், விடுபட்ட தங்கலுக்கான விண்ணப்பத்தோடு அந்த ரசீதைத்தான் இணைக்க வேண்டும். பெய்ஜிங் ரசீது இன்னும் கையில் இருந்தால் இப்போதே அனுப்பிப் பாருங்கள்.

இன்னொன்று: அறையில் படுக்கும் ஒவ்வொருவரின் அசல் கடப்பிதழும் வேண்டும், குழந்தை உட்பட. வெளிநாட்டவரின் விவரத்தைக் காவல்துறையில் பதிய வேண்டியது ஹோட்டலின் கடமை, கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது. நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டியிருக்கும்.

அக்டோபர் கடைசியில் அப்பா அம்மாவுடன் குவாங்ஜோ போகிறோம். இரண்டு அறை, இரண்டிலும் இரட்டைக் கட்டில். எனக்கு மேரியட்டில் டைட்டானியம் அந்தஸ்து. இரண்டையும் ‘சூட்’ எனும் பெரிய சொகுசு அறையாக மாற்றித் தருவார்களா?
ரேவதி, தெம்பனிஸ்

ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். மேம்படுத்தல் உறுப்பினர் படுக்கும் ஓர் அறைக்கு மட்டுமே, அதுவும் செக்-இன் நேரத்தில் காலியாக இருந்தால்தான். பெற்றோரின் அறை சாதாரண அறைதான். சூட்டுகளில் பெரும்பாலும் ஒரே பெரிய கட்டில் இருக்கும், இரட்டைக் கட்டில்தான் வேண்டும் என்று குறித்துவிட்டால் உங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். உங்கள் அறையைப் பெரிய கட்டிலாக மாற்றுங்கள், அம்மா அப்பாவுக்கு இரட்டைக் கட்டில் இருக்கட்டும்.

நாளும் சாதகமாக இல்லை. கான்டன் வணிகச் சந்தை இலையுதிர் காலத்தில் அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரை மூன்று கட்டங்களாக நடக்கிறது. அந்த நாள்களில் குவாங்ஜோவில் அறைக்குத் தவம் கிடப்பார்கள், வாடகையும் எகிறும். கட்டங்களுக்கு நடுவில் இடைவெளி நாள்கள் உண்டு. பயணத்தை அவற்றுக்கு மாற்ற முடிந்தால் வாடகை, சூட் இரண்டிலும் லாபம். அக்டோபர் முதல் வாரத்துக்கு மட்டும் மாற்றாதீர்கள், அது தேசிய நாள் விடுமுறை.

சாதாரண நாள்களில் சீனப் பெருநகர ஹோட்டல்கள் அந்தஸ்துக்காரர்களிடம் தாராளமாகவே நடந்துகொள்ளும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. உடன் வரும் தோழி ஹலால் மட்டுமே சாப்பிடுவார். காலை பஃபேயில் எதை நம்பி எடுக்கலாம்?
மீனாட்சி, புக்கிட் பாத்தோக்

பழம், சோயா பால், வேகவைத்த சோளம், சர்க்கரைவள்ளி, வெறும் மாவால் செய்த மந்தோவ் ஆகியவற்றைப் பயமில்லாமல் எடுக்கலாம். அதே மூங்கில் கூடையில் அடுத்து இருக்கும் பாவ் பெரும்பாலும் பன்றி இறைச்சி வைத்தது, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கஞ்சியில் வெள்ளைக் கஞ்சி சரி. அருகிலுள்ள இன்னொரு பானையில் கருவாட்டு இறாலோ இறைச்சியோ கலந்திருக்கும், அகப்பை இரண்டுக்கும் மாறி மாறிப் போய்வரும். வதக்கிய கீரைதான் அதிகம் ஏமாற்றும். பார்க்கச் சுத்த சைவம், உள்ளே சிப்பிச் சாறோ கோழித் தூளோ இருக்கும். நூடல்ஸ் முகப்பில் கொதிப்பது எலும்புச் சாறு. காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் அதே சாற்றைத்தான் ஊற்றுவார்கள்.

மாண்டரின் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புறப்படுமுன் அடுத்த வீட்டு ஆன்ட்டியிடமோ அலுவலகச் சீன நண்பரிடமோ ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச் சாறு, கோழித் தூள், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம், கழுவிய வாணலியில் எண்ணெய் விட்டுத் தனியாக வதக்கித் தாருங்கள் என்று. அதைச் சமையல்காரரிடம் காட்டினால் நூடல்ஸையோ கீரையையோ தனியாகச் செய்து தருவார்கள். காலை 9 மணிக் கூட்டத்தில் கேட்காமல் 7 மணிக்கே போங்கள்.

தோழிக்கு ஹோட்டல் பஃபே கடினம். பன்றி இறைச்சி அதே வரிசையில் இருக்கும், இடுக்கியும் பொது. சிங்ஜென் (ஹலால்) என்று பலகை மாட்டிய, ஹுய் எனும் சீன முஸ்லிம்களின் கடைகள் எல்லாப் பெருநகரத்திலும் உண்டு, லான்ஜோ நூடல்ஸ் கடைகள் பலவும் அந்த வகைதான். அங்கே அவர் நிம்மதியாகச் சாப்பிடலாம். உங்களுக்கு அங்கேயும் மாட்டெலும்புச் சாறுதான்.

மாலை 4 மணி வரை அறையை வைத்துக்கொள்ளலாம் என்று உறுதியளித்தார்கள். ஆனால் 12 மணிக்கே சாவி அட்டை வேலை செய்யவில்லை. முன்பணத்துக்காகப் பிடித்த தொகையும் இன்னும் திரும்பவில்லை.
அருண், உட்லண்ட்ஸ்

சாவி அட்டை தானாக நண்பகலில் காலாவதியாகும். 4 மணிக்கு ஒப்புக்கொண்டவர் அட்டையை மறுபடி பதிந்து கொடுத்தால்தான் கதவு திறக்கும், காலையிலேயே பதிந்து வாங்கிவிடுங்கள். ஷாங்ஹாயின் ஜின் மாவ் கோபுரத்திலுள்ள கிராண்ட் ஹயட் போன்ற இடத்தில் முகப்பே 54ஆவது மாடியில். அறைக்கு ஒரு லிஃப்ட், தெருவுக்கு இன்னொரு லிஃப்ட். பெட்டியோடு அலைய வேண்டாம்.

முன்பணத்தை டெபிட் அட்டையிலோ பன்னாணய அட்டையிலோ பிடித்திருந்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், விடுபடப் பல நாள் ஆகலாம். அதற்குக் கடன்பற்று அட்டையையே நீட்டுங்கள். இயந்திரம் சிங்கப்பூர் வெள்ளியா யுவானா என்று கேட்டால் யுவான். அறைக் கட்டணத்தைச் சீனக் கட்டணச் செயலியான அலிபே வழியாகச் செலுத்தாதீர்கள்: வெளிநாட்டு அட்டையை இணைத்திருந்தால் 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3% கட்டணம். டாக்சி, சாப்பாடு போன்ற சில்லறைச் செலவுக்கு அலிபே போதும். வங்கியின் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதால் சிங்கப்பூர் சிம்மைக் கழற்றாதீர்கள். ரோமிங்கில் வாட்ஸ்அப்பும் ஓடும், ஹோட்டல் வைஃபையில் ஓடாது.

எனக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ். மனைவி நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். விசா வேண்டுமா?
பாலா, ஜூரோங் வெஸ்ட்

2024 பிப்ரவரி 9 முதல் உங்களுக்கு 30 நாள் வரை வேண்டாம். மனைவிக்கு வேண்டும், நிரந்தரவாசத் தகுதி இதற்கு உதவாது. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் தங்க அனுமதிக்கும் 240 மணி நேர இடைவழி விலக்குப் பட்டியலிலும் இந்தியா இல்லை. ரத்து செய்யக்கூடிய விலையில், இருவர் பெயரும் வரும்படி அறை பிடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஷாங்ஹாயில் ஐந்து நட்சத்திர ஹோட்டல், டைமண்ட் அந்தஸ்து, ஆனால் அறையில் பல் துலக்கி இல்லை. அவமதிப்பா?
கவிதா, பொங்கோல்

இல்லை. 2019 ஜூலை 1 முதல் ஷாங்ஹாய் ஹோட்டல்கள் பல் துலக்கி, சீப்பு, சவரக்கத்தி போன்ற ஆறு பொருள்களைத் தாமாக வைக்கக் கூடாது. தொலைபேசியில் கேளுங்கள், கொண்டுவந்து தருவார்கள்.